எம் கணினி துயிலெழுந்த வரலாறு

உயிருள்ளவை அன்றி உயிரில்லாப் பொருள்களும் சிற்சில வேளைகளில் பிடிவாதங் கொள்ளும் என்பதை யாம் இளமையில் நம்பினோமில்லை. சாவி கொடுத்தும் ஓடாத கடிகாரமும், எண்ணெய் இருந்தும் எரியாத விளக்கும் தத்தமக்குரிய காரணம் பற்றியே அங்ஙனம் நிற்கின்றன என எம் பள்ளி ஆசிரியர் கற்பித்திருந்தனர். ஆயினும், 2025 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையின் இறுதியில் எம் இல்லத்து மடிக்கணினி ஒரு நாட்காலை திடீரென விழிக்க மறுத்தபொழுது, அதற்கும் ஒரு மனம் உண்டு போலும், அம்மனமும் எம்பால் வெறுப்புற்றது போலும் என்று எண்ணினோம். அவ்வெண்ணம் பிழையென உணர்தற்கு எமக்கு ஒன்பது நாட்கள் வேண்டியிருந்தன. அவ்வொன்பது நாட்களின் வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம். பொறிநூல் எழுதுந் தகுதி எமக்கில்லை. யாம் தமிழ் பயிலும் மாணவர். எனினும், வழிதப்பி அலைந்தவன் சொல்லும் வழிக்குறிப்பு, வழியறிந்தோன் சொல்வதினும் சிலருக்குப் பயன்படும் அன்றோ?

அக்கணினியின்கண் யாது இருந்தது என்று கூறினாலன்றி எம் கவலையின் அளவு விளங்காது. 2023 ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், எம் தந்தையாரைப் பெற்ற ஆச்சி, தாம் இளமையில் கேட்ட தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் நடவுப் பாட்டுகளையும் திண்ணையில் அமர்ந்து பாட, யாம் அவற்றைக் கைப்பேசியிற் பதிவுசெய்து, பின்னர்க் கணினியிற் சேர்த்து வைத்தோம். பதிவுகள் பதினொன்று. அவற்றுள் தாலாட்டுகளைப் பற்றியே எம் ஆனர்ஸ் வகுப்பின் ஆய்வுக் கட்டுரையை எழுதுவதாக ஆசிரியரிடம் வாக்களித்திருந்தோம். கைப்பேசியோ அடுத்த மழைக்காலத்தில் நீரில் வீழ்ந்து பாழாயிற்று. ஆச்சியோ 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆதலின், அக்குரல் உலகின்கண் எஞ்சியிருந்த ஒரே இடம் அம்மடிக்கணினியே. மற்றொரு படி எடுத்து வைக்கவேண்டும் என்று பன்முறை எண்ணினோம். நாளை நாளை என்று தள்ளினோம். இப்பிழை முழுதும் எம்முடையது. இதனைப் பிறர்மேல் ஏற்ற எமக்கு மனமில்லை.

கணினி பழுதுபார்க்கும் கடையொன்றிற்குச் சென்றோம். கடைக்காரர் பொத்தானை இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இயங்குதளம் கெட்டுவிட்டது, தம்பி. ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து புதிதாக ஏற்றிவிடலாம், மாலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்றார். "உள்ளே இருப்பவை?" என்று வினவினோம். "அவை போகும்" என்றார். அவர் சொல்லிற் கடுமை இல்லை. நாள்தோறும் பலருக்குச் சொல்லும் சொல் அது. யாம் கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினோம். கல்லூரி திறந்தது. விடுதிக்கு அதனையும் உடன் கொணர்ந்தோம்.

விடுதியில் எம் அறையில் உறைபவர் இயற்பியல் பயிலும் நண்பர். அவர் எம் துன்பத்தைக் கேட்டு நகைத்தாரல்லர். "வீட்டுக்காரன் மயங்கிக் கிடக்கின்றான் என்பதற்காக வீட்டை இடிப்பார் உளரோ? வேறொருவனைச் சன்னல் வழியே உள்ளே அனுப்பிப் பெட்டியை எடுத்து வரலாம்" என்றார். அவ்வேறொருவன் யாரெனின், பென் டிரைவிலிருந்தே இயங்கவல்ல லினக்ஸ் என்னும் இயங்குதளமாம்.

லினக்ஸின் தோற்றத்தை அறிந்தபொழுது எமக்கு ஓர் ஊக்கம் பிறந்தது. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், 1991 ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் அகவையில் அதன் கருப்பகுதியை எழுதி வெளியிட்டனர். அதனைச் சுற்றிப் பல தொகுதிகள் பின்னர் எழுந்தன. 1993 இல் தோன்றிய டெபியன் என்பது அவற்றுள் ஒன்று. அதனை நிறுவிய இயன் மர்டாக் என்பாரின் பெயரும், டெப்ரா என்னும் அம்மையாரின் பெயரும் இணைந்து ஆனதே அப்பெயர். டெபியனை அடியாகக்கொண்டு 2004 இல் வெளிவந்தது உபுண்டு. அச்சொல் தென்னாப்பிரிக்க மக்களின் மொழிகளில் மனிதத்தன்மையைக் குறிப்பது. ஒருவன் பிறரோடு கூடியே மனிதனாகின்றான் என்னும் கருத்துடையது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அவர்கள் இச்சொல்லைத் தம் சமயப் போதனையில் பெரிதும் எடுத்தாண்டவர் என்பதை எம் சிற்றாலயத்துச் சொற்பொழிவொன்றில் முன்னரே கேட்டிருந்தோம். ஆகவே உபுண்டுவையே தேர்ந்தோம். தேர்ந்த காரணம் பொறியியலுக்கு உரியது அன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

இனி எம் தோல்விகளை வரிசைப்பட உரைப்போம்.

உபுண்டு 24.04 என்னும் பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை வலைவழி இறக்கினோம். அஃது ஏறத்தாழ 6 ஜிபி அளவினது. அதனை எம் 16 ஜிபி பென் டிரைவிற்குள் இழுத்துப் போட முயன்றபொழுது, கோப்பு மிகப் பெரிது என்று மறுப்பு வந்தது. 16 கொள்ளும் கலத்தில் 6 அடங்காதது என்னை? வினவி அறிந்தோம்: அப்பென் டிரைவ் ஃபேட்32 என்னும் முறையில் அமைந்தது, அம்முறையில் எந்தத் தனிக் கோப்பும் 4 ஜிபி அளவை எட்டுதல் கூடாது. உடனே எம் அறிவுத்திறத்தை மெச்சிக்கொண்டு, பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்னும் வேறொரு முறைக்கு மாற்றிக் கோப்பை உள்ளே இட்டோம். கணினியிற் செருகினோம். துவக்கத்தக்க கருவி யாதும் இல்லை என்று கணினி கூறிற்று.

நண்பர் மாலையில் வந்து நோக்கிச் சிரித்தார். "விதைநெல்லை மூட்டையோடு வயலில் வைத்துவிட்டு முளைக்கவில்லை என்கின்றீர்" என்றார். ஐஎஸ்ஓ என்பது ஒரு வட்டு முழுதின் உருவத்தையும் ஒரு கோப்பாக மடித்து வைத்தது. அதனைக் கோப்பாகவே படியெடுத்தல் பயனற்றது; அம்மடிப்பை விரித்து, பென் டிரைவின் முதற்பகுதி தொடங்கி எழுதுதல் வேண்டும். கணினி விழித்தவுடன் கோப்புகளின் பெயரை ஆராய்ந்துகொண்டிராது. அது குறித்த ஓர் இடத்தில் குறித்த ஒரு பொருளையே நாடும். பழைய பயாஸ் முறையாயின், வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றுள் 446 பைட்டுகள் துவக்கக் கட்டளைகளுக்கும், 64 பைட்டுகள் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், இறுதி 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கும் உரியன. அம்முத்திரை இல்லையேல் அது துவக்கவட்டு அன்று என்று தள்ளிவிடும். புதிய யூஇஎஃப்ஐ முறையாயின், ஃபேட் வகைப் பிரிவொன்றைத் தேடி, அதனுள் இஎஃப்ஐ என்னும் கோப்புறையையும், அதனுள் பூட் என்னும் கோப்புறையையும் திறந்து, அங்குள்ள துவக்கக் கோப்பை இயக்கும். எம் பென் டிரைவில் இவ்விரண்டும் இல்லை. கணினி பொய் கூறவில்லை. யாமே அதன் மொழியை அறியாதிருந்தோம்.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி ஒன்று. கணினியைத் துவக்குதலைப் பூட் செய்தல் என்பர். காலணியை ஆங்கிலத்தார் பூட் என்பது யாவரும் அறிந்ததே. அதன் வாரைத் தானே பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்னும் நடவாத செயலைச் சுட்டிய தொடரிலிருந்து இச்சொல் சுருங்கி வந்ததாம். உற்று நோக்கின் அது பொருத்தமே. ஒன்றும் அறியாது விழிக்கும் கணினி, முதலில் ஒரு சிறு கட்டளையை அறிந்து, அதன் துணையால் சற்றுப் பெரியதனை அறிந்து, அதன் துணையால் இயங்குதளம் முழுவதனையும் எழுப்புகின்றது. கொழுகொம்பைப் பற்றி ஏறும் கொடி, தான் ஏறிய பின்னரன்றி மேலுள்ள கிளையைப் பற்றமாட்டாது. ஆதலின், துவக்கம் பிழைபட்டதெனின் எந்தக் கணுவிற் பிழைபட்டது என்று காண்டலே மருத்துவம். இது நிற்க.

மூன்றாம் நாள், நண்பரின் கணினியில் டிடி என்னும் கட்டளை கொண்டு பென் டிரைவில் எழுதத் தொடங்கினோம். அக்கட்டளைக்கு எந்த வட்டில் எழுதவேண்டும் என்று பெயர் கூறுதல் வேண்டும். எஸ்டிபி, எஸ்டிசி என இரு பெயர்கள் திரையில் நின்றன. யாம் விரைந்து ஒன்றைத் தட்டச்சுச் செய்து, நுழைவு விசையின்மேல் விரல் வைத்தோம். "சற்று நில்லும். எஸ்டிபியின் அளவு யாது?" என்றார் நண்பர். எல்எஸ்பிஎல்கே என்னும் கட்டளையால் நோக்கினோம். ஒன்று 1 டிபி. மற்றொன்று 16 ஜிபி. யாம் எழுத இருந்தது 1 டிபி கொண்ட அவருடைய வெளி வட்டின்மேல்! அவருடைய இரண்டாண்டு ஆய்வுக் குறிப்புகள் அதனுள் இருந்தன. டிடி கட்டளை இரண்டாம் முறை கேளாது. சொன்ன இடத்தில் எழுதும். எழுதியதன் கீழிருந்தது மீளாது. எம் கை நடுங்கிற்று. எம் பொருளை மீட்கும் விரைவில் பிறர் பொருளை அழிக்க இருந்தோம். நண்பர் சினந்தாரல்லர். வெளி வட்டை அமைதியாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, "இப்பொழுது எழுதும்" என்றார். அவ்விரவு எம் மன்றாட்டில் ஆச்சியின் குரலுக்கு முன்னர் நண்பரின் வட்டிற்கே நன்றி கூறினோம்.

எழுதி முடிந்தபின்னும் நண்பர் உடனே பென் டிரைவைப் பிடுங்க விடவில்லை. திரையில் முடிந்தது போலத் தோன்றினும், எழுத வேண்டியவற்றுள் ஒரு பகுதி நினைவகத்திலேயே காத்திருத்தல் கூடும். சிங்க் என்னும் கட்டளை முடியுங்காறும் பொறுத்தல் வேண்டும் என்றார். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு பழுதற்றதோ என்பதை 64 எழுத்துகள் கொண்ட அதன் ஷா256 முத்திரையை வெளியீட்டாளரின் முத்திரையோடு ஒப்பிட்டு அறிந்தோம். எழுதியதனையும் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிட்டோம். இரண்டும் பொருந்தின. பின்னர் அப்பென் டிரைவால் நண்பரின் கணினியைத் துவக்கினோம். அது இனிதே எழுந்தது. பதிப்பாசிரியர் ஏட்டையும் படியையும் ஒத்துப் பார்த்தலை எம் வகுப்பில் அன்றுகாறும் வறண்ட வேலை என்று எண்ணியிருந்தோம். அன்று அதன் பயனைக் கண்டோம்.

ஆயினும் எம் கணினியில் அதனைச் செருகியபொழுது, பென் டிரைவ் ஒன்று உளதென்பதையே அது அறிந்திலது. யாம் முன்போல் மனங் கலங்கவில்லை. பென் டிரைவ் வேறோர் இடத்தில் இயங்கிற்று. ஆகவே பிழை பென் டிரைவில் இல்லை. எம் கணினியிலேயே உளது. ஐயத்தின் பாதி இங்ஙனம் நீங்கிற்று. கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பணிபுரியும் அண்ணாச்சி ஒருவரிடம் சென்றோம். விடுதியில் ஒருவர் செக்யூர் பூட் என்னும் காவலை உடனே அணைத்துவிடுக என்று கூறியிருந்ததையும் அவரிடம் உரைத்தோம். "அவசரப்படாதே, தம்பி. உபுண்டுவின் துவக்கக் கோப்பு முத்திரை பெற்றது. அக்காவல் அதனை உள்ளே விடும். மேலும், சில கணினிகளில் வட்டு பூட்டப்பட்டிருக்கும். அக்காவலை மாற்றினால் மீட்புச் சாவி கேட்கும். சாவி இல்லையேல் உன் ஆச்சி பாட்டுக்கு நீயே பூட்டுப் போட்டவன் ஆவாய்" என்றார். பின்னர், கணினியை இயக்கியவுடன் எஃப்2 விசையைத் தட்டி அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். அங்கே விரைவுத் துவக்கம் என்று ஒன்று இயக்கத்தில் இருந்தது. சில நொடிகளை மிச்சப்படுத்தும் பொருட்டு, யூஎஸ்பி வாயில்களை நோக்காமலே நேரே ஹார்டு டிஸ்க்கிற்குச் செல்லும் ஏற்பாடு அது. அதனை அணைத்தோம். வேறொன்றையும் தொட்டோமில்லை. பென் டிரைவின் பெயர் பட்டியலில் தோன்றிற்று! அதனை முதலிடத்தில் வைத்தோம். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்க என்பது அண்ணாச்சி எமக்குச் சொன்ன விதி.

உபுண்டுவின் துவக்கப் பட்டியல் எம் கணினியில் தோன்றிய அக்கணத்தில் யாம் அடைந்த மகிழ்ச்சி அளவிறந்தது. அம்மகிழ்ச்சி ஒரு நிமிடமும் நிலைக்கவில்லை. சில வரிகள் ஓடின. பின்னர், இயங்குதளம் அடங்கிய ஊடகத்தைக் காண இயலவில்லை என்று பொருள்படும் ஒரு செய்தி தோன்ற, வெறுந்திரையில் ஒரு குறி மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தோ! தான் எதிலிருந்து எழுந்ததோ அதனையே காண இயலவில்லை என்னும் இம்மறதி எத்தகையது!

இதன் காரணம் எமக்கு விளங்கியபொழுது உள்ளம் வியந்தது. முதலில் பென் டிரைவைப் படிப்பது கணினியின் உள்ளுறைந்த யூஇஎஃப்ஐ. அது கெர்னல் என்னும் கருவையும், இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு தொடக்கத் தொகுதியையும் நினைவகத்தில் கொணர்ந்து வைத்து விலகிக்கொள்ளும். கெர்னல் விழித்தவுடன் தன் சொந்த இயக்கிகளைக் கொண்டு யூஎஸ்பி வாயில்களைப் புதிதாக ஆராய்ந்து, பென் டிரைவைத் தானே மீண்டும் கண்டுபிடித்தல் வேண்டும். தாய் கைப்பிடித்து அழைத்து வந்த வீட்டிற்குப் பிள்ளை பின்னொரு நாள் தானே வழி கண்டு வருதல் போன்றது அது. முதற்பகுதி நடந்தது என்பதனால் இரண்டாம் பகுதியும் நடக்கும் என்பது இல்லை.

அவ்வெறுந்திரையிலும் சில கட்டளைகள் செல்லும் என்று நண்பர் கூறினார். பிஎல்கேஐடி என்று தட்டினோம். ஹார்டு டிஸ்க்கின் பிரிவுகள் தோன்றின, பென் டிரைவ் தோன்றவில்லை. டிமெஸ்க் என்று தட்டினோம். கெர்னல் தன் செயல்களைக் குறித்து வைத்த நாட்குறிப்பு ஓடிற்று. அதன் இறுதியில், யூஎஸ்பி கருவி ஒன்றைத் திரும்பத் திரும்ப மீளமைக்க முயன்றதாகப் பல வரிகள் இருந்தன. பென் டிரைவ் நன்று, எழுத்து நன்று, ஆகவே ஐயம் வாயிலின்மேற் சென்றது. யாம் செருகியிருந்தது நீலநிற நாக்குடைய யூஎஸ்பி 3 வாயில். மறுபுறம் கருநிற நாக்குடைய யூஎஸ்பி 2 வாயில் ஒன்று இருந்தது. அதில் மாற்றிச் செருகி மீண்டும் துவக்கினோம். தடைப்பட்ட இடத்தைத் தாண்டி வரிகள் ஓடின. விரைவான வாயிலில் நில்லாதது மெல்லிய வாயிலில் நின்றது.

அடுத்து வந்தது முழு இருள். திரை கறுத்தது, கறுத்தே கிடந்தது. ஆயினும், பென் டிரைவின் சிறு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தமையின், உள்ளே வேலை நடக்கின்றது, கண்ணிற்குத்தான் புலனாகவில்லை என்று தெளிந்தோம். திரையை நடத்தும் வரைகலை இயக்கிக்கும் எம் பழைய கணினிக்கும் ஒவ்வாமை இருத்தல் கூடும் என்று அண்ணாச்சி சொன்னார். துவக்கப் பட்டியலில் ஈ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் ஈற்றில் நோமோட்செட் என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து, எஃப்10 விசையை அழுத்தினோம். கெர்னல் தன் இயக்கியால் திரையமைப்பை மாற்றாமல், முன்னரே யூஇஎஃப்ஐ அமைத்துக் கொடுத்த எளிய திரையையே பயன்படுத்துக என்பது அதன் பொருள். அம்மாற்றம் அந்த ஒரு துவக்கத்திற்கே உரியது. மறுமுறை தானே மறைந்துவிடும். திரையில் ஒளி வந்தது. பட்டியலின் இரண்டாம் வரியாகப் பாதுகாப்பான வரைகலை என்று இருந்த தெரிவு அச்சொல்லையே தானாகச் சேர்ப்பது என்று பின்னர்க் கண்டோம். கண்முன் இருந்த வரியைப் படியாது, இரண்டு நாட்கள் இருளில் இருந்தோம். மூலத்தை முழுதும் படியாது உரை எழுதப் புகும் மாணவர்க்கு இது தக்க தண்டனையே.

நிறுவுக, நிறுவாது முயல்க என இரு வழிகள் திரையில் நின்றன. முன்னையது ஹார்டு டிஸ்க்கின்மேல் எழுதவல்லது. யாம் பின்னையதையே மும்முறை படித்துத் தேர்ந்தோம். எம் தந்தையாரின் வட்டு ஒரு சிறு படமாகத் தோன்றிற்று. அதனைத் திறந்தபொழுது, படிக்கலாம், எழுதலாகாது என்னும் நிலையில் திறந்தது. முன்னிருந்த இயங்குதளம், மறுநாள் விரைந்து எழுதற்பொருட்டு, முற்றும் அணையாது அரைத்துயிலில் ஆழ்ந்திருந்ததே அதற்குக் காரணம். எமக்கு அந்நிலையே நன்று. எடுக்க வந்தோமேயன்றி எழுத வந்தோமில்லை.

ஆச்சி என்று பெயரிட்ட கோப்புறை அங்கே இருந்தது. பதினோரு கோப்புகளும் பெயரளவில் இருந்தன. மற்றொரு பென் டிரைவிற்குப் படியெடுத்தோம். ஒன்பது வந்தன. பத்தாவதில் படிப்புப் பிழை என்று நின்றது. அப்பொழுதே எம் கணினியின் நோய் மூலமும் புலப்பட்டது: ஹார்டு டிஸ்க்கின் சில இடங்கள் தேய்ந்து படிக்கலாகாமற் போயிருந்தன, இயங்குதளத்தின் கோப்புகள் சில அவ்விடங்களில் இருந்தமையின் அது விழிக்கவில்லை. கடைக்காரர் சொற்படி அவ்வட்டிலேயே புதிதாக ஏற்றியிருப்பின், பாட்டும் போயிருக்கும்; சின்னாளில் வட்டும் போயிருக்கும்.

தேய்ந்த வட்டை மீண்டும் மீண்டும் வருத்துதல் தகாது என்று அண்ணாச்சி எச்சரித்தார். டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருளை அப்பொழுதைக்கு வலைவழி நிறுவினோம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைத் தாண்டிச் சென்று, இறுதியிலே அவற்றிற்குத் திரும்பிச் சிறிது சிறிதாக முயலும். எவை கிடைத்தன, எவை எஞ்சின என்று ஒரு குறிப்பேடும் எழுதும். அவ்விரவு முழுதும் அது முயன்றது. விடியற்காலையில் ஆலயமணி ஒலிக்கும் வேளையில் நோக்கினோம். பத்தாம் பதிவு முழுதும் கிடைத்தது. பதினோராம் பதிவில் சிறிது கிடைக்கவில்லை. அது ஒரு தாலாட்டு. நடுவில் ஏறத்தாழ ஏழு நொடிகள் வெறும் அமைதி.

விவிலியத்தில் ஒரு பெண் காணாமற்போன ஒரு வெள்ளிக்காசிற்காக விளக்கேற்றி வீடு முழுதும் பெருக்கித் தேடிய உவமை உண்டு. இளமையில் ஞாயிறு பள்ளியில் அதனைக் கேட்டபொழுது, ஒரு காசிற்கு இத்துணைப் பாடா என்று எண்ணினோம். அவ்விடியலில் செவியில் கேட்பொறியை வைத்து ஆச்சியின் இருமலையும், நடுவே கோழியை விரட்டும் அதட்டலையும் கேட்டபொழுது, அவள் ஏன் அண்டை அயலாரை அழைத்து மகிழ்ந்தாள் என்பது எமக்கு விளங்கிற்று. நண்பரையும் அண்ணாச்சியையும் அழைத்துக் கேட்கச் செய்தோம்.

ஏழு நொடிகளின் குறை மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் போன்ற பதிப்பாசிரியர்கள், செல்லரித்த ஏடுகளில் இழந்த சொற்களைத் தம் கற்பனையால் நிரப்பாது, புள்ளியிட்டு விட்ட நேர்மையை எம் ஆசிரியர் பன்முறை எடுத்துக் கூறியுள்ளனர். யாமும் கட்டுரையில் புள்ளிகள் இட்டோம். பின்னர் மைக்கேல்மாஸ் விடுமுறையில் ஊர் சென்றபொழுது, எம் அத்தையாருக்கு அப்பதிவை இசைத்துக் காட்டினோம். அவர் கண்களை மூடிக் கேட்டார். அமைதி வந்த இடத்தில், ஆச்சியின் குரல் நின்றதை அறியாதார் போல, அத்தையார் தாமே அடுத்த இரண்டு அடிகளையும் பாடினார். ஏழு நொடிகள் கழிந்து ஆச்சியின் குரல் மீண்டும் எழுந்தபொழுது, இருவர் குரலும் ஒரே சொல்லில் வந்து கூடின. அத்தையாரைத் தொட்டிலில் இட்டு ஆட்டிய பாட்டு அது. வட்டில் அழிந்தது பிள்ளையிடம் அழியாது இருந்தது. அவ்விரண்டடிகளையும் பாடபேதக் குறிப்போடு, அத்தையார் வாய்மொழி என்று தெளிவாக எழுதிக் கட்டுரையிற் சேர்த்துள்ளோம்.

சகோதர மாணவர்களே, எம் தோல்விகளை அடுக்கிப் பார்க்குமிடத்து, அவற்றுட் பல விரைவின் பிள்ளைகளே என்பது தோன்றுகின்றது. விரைவுத் துவக்கம் வாயிலை மறைத்தது. விரைவான வாயில் கருவியை இழந்தது. எம் விரைவு நண்பரின் வட்டை அழிக்க இருந்தது. பொறி பிடிவாதங் கொள்வதில்லை. அது தனக்கு எட்டிய அளவை உள்ளவாறு கூறுகின்றது. அதனை அமைதியாகக் கேட்பார்க்கு அதுவே வழியுங் காட்டுகின்றது. இன்று ஆச்சியின் பாட்டுகள் மூன்று இடங்களில் உள்ளன: எம்மிடம் ஒரு படி, அத்தையார் இல்லத்தில் ஒரு படி, எம் தமிழ்த்துறையில் ஒரு படி. இதனைப் படிப்போர் தத்தம் இல்லத்து முதியோர் குரலைப் பதிவுசெய்திருப்பின், இவ்விதழை மூடியவுடன் மற்றொரு படி எடுப்பாராக. பதிவே செய்யாதிருப்பின், அடுத்த விடுமுறைக்குக் காத்திராது, இன்றே வீட்டிற்குத் தொலைபேசியிற் பேசுவாராக.